சூப்பர்சார்ஜர் பூட்டிய கன்டர் லொறிக்கு எத்தனை அங்குல சைலன்சர் பைப்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருகோணமலை கொட்பே துறைமுகத்திலிருந்து இரவில் பேலியகொடை மீன் சந்தைக்கு மீன் ஏற்றும் மிட்சுபிஷி கன்டர் லொறி. உள்ளே டர்போ இல்லாத 4டி33 எஞ்சின், 4.2 லீற்றர் டீசல். பஞ்சிகாவத்தையில் வாங்கிய டொயோட்டா எஸ்சி14 சூப்பர்சார்ஜரை, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் ஊதியை, பெல்ட்டில் ஓட்டி, அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் வைத்து, 0.5 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம்) எடுத்திருக்கிறீர்கள். வெல்டிங் பாஸ் மூன்று அங்குலம் போதும் என்கிறார். கராஜ்காரர் நாலு அங்குலம் போடச் சொல்கிறார். இன்னொருவர் பைப் பெருத்தால் இழுவை போய்விடும் என்று பயமுறுத்துகிறார். எல்லாச் சிலிண்டரின் புகையையும் சேர்த்தெடுக்கும் வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு தனிக்குழாயாக ஒட்டிய ஹெடர் செய்தால் நல்லதா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான்: காற்றைத் தள்ளி உள்ளே அனுப்புகிற எஞ்சினிலிருந்து புகை வெளியேற எவ்வளவு வழி விட வேண்டும், எந்த அளவுக்கு மேல் விட்டால் காசு வீண்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மெனிபோல்ட் வாயிலிருந்து கடைசி வரை வெளிவிட்டம் 3½ அங்குலம் வரும் பைப் இந்த எஞ்சினுக்குச் சரியான அளவு. புகை திரும்பாமல் நேரே போகும் நேர்த்துளை சைலன்சர் போடுவதானால் 3 அங்குலமும் தாங்கும். 4 அங்குலத்தால் கெடுதி வராது, ஆனால் கூடுதல் பலனும் இல்லை. ஹெடர் தேவையில்லை. மெனிபோல்டில் வெடிப்பு இல்லாவிட்டால் அதை அப்படியே விடுங்கள்.

உங்கள் பாஸும் கராஜ்காரரும் சண்டை பிடிப்பது ஒரே அளவைப் பற்றியாகக்கூட இருக்கலாம். ஹாட்வெயார் கடையில் ‘மூன்று அங்குல பைப்’ என்று கேட்டால் தருவது தண்ணீர்க் குழாய் அளவு. அதன் வெளிவிட்டம் 88.9 மில்லிமீற்றர், அதாவது உண்மையில் 3½ அங்குலம். சைலன்சர் பைப் விற்கிறவர் ‘மூன்று அங்குலம்’ என்பது வெளிவிட்டம் 76.2 மில்லிமீற்றர் உள்ள மெல்லிய பைப். பெயர் ஒன்று, குறுக்கு வெட்டுப் பரப்பில் ஏறக்குறைய 15 வீதம் வித்தியாசம். மெல்லிய 3½ அங்குலப் பைப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் கூட. அதேபோல 2 அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர், 1½ அங்குலத்துக்கு 48.3. எனவே பேசும்போது அங்குலத்தை விட்டுவிட்டு, வேணியர் இடுக்கியால் வெளிவிட்டத்தையும் தகட்டுத் தடிப்பையும் அளந்து மில்லிமீற்றரில் பேசுங்கள். கீழே நான் அங்குலம் என்று எழுதும் இடமெல்லாம் வெளிவிட்டம். தகட்டுத் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்று எடுத்திருக்கிறேன்.

பைப்பும் சைலன்சரும் புகையைத் தடுப்பதால் எஞ்சின் பக்கம் ஏறும் அழுத்தம்தான் பின்னழுத்தம். ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்’ என்ற பேச்சு பெற்றோல் எஞ்சின்காரர்களிடமிருந்து வந்தது. சாதாரண பெற்றோல் எஞ்சினில் புகை ஒரு வேகத்தோடு ஓடினால் அதன் பின்னால் சிறு வெற்றிடம் உண்டாகி, அடுத்த சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் இழுத்துவிடும். பைப்பை மிகவும் பெரிதாக்கினால் அந்த வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் இழுவை விழும். அங்கே இழுவை விழக் காரணம் புகையின் வேகம் குறைந்ததுதான். பின்னழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நன்மை செய்வதில்லை. உங்கள் எஞ்சினுக்கு இந்தக் கவலையே இல்லை. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு இடைவெளியில், உள்ளே வரும் காற்று வெளியே இருப்பதைவிடக் கூடிய அழுத்தத்தில் நிற்பதால், மிச்சப் புகையைச் சூப்பர்சார்ஜரே தள்ளிவிடுகிறது. பின்னழுத்தம் கூடினால் அந்தத் தள்ளல்தான் தடைப்படும். பிஸ்டன் புகையை வெளியே தள்ளச் செலவழிக்கும் வலுவும் கூடும்.

இனிக் கணக்கு. 4.214 லீற்றர், நிமிடத்துக்கு 3200 சுற்று, நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும். சிலிண்டர் 85 வீதம் நிரம்புகிறது என்று கொண்டால் சூப்பர்சார்ஜர் இல்லாமல் செக்கனுக்கு ஏறக்குறைய 0.11 கிலோகிராம் காற்று. திருகோணமலையின் பகல் வெப்பம் 30 பாகை என்று எடுத்திருக்கிறேன். 0.5 பார் பூஸ்ட் என்றால் அழுத்தம் ஒன்றரை மடங்கு, ஆனால் காற்று ஒன்றரை மடங்கு ஆகாது. அமுக்கும்போது சூடாகி விரிந்துவிடும். இந்த வகை ஊதியில் காற்று 90 பாகையைத் தொடும். அப்படியே உள்ளே விட்டால் நிறை 1.25 மடங்குதான். இன்டர்கூலர் அதை 50 பாகைக்கு இறக்கினால் 1.4 மடங்கு. டீசலின் நிறையையும் சேர்த்தால் பைப்பில் ஓடுவது செக்கனுக்கு 0.164 கிலோகிராம். முழுச் சுமையில் பைப்பில் 500 பாகை என்று கொண்டால், அது செக்கனுக்கு 0.36 கன மீற்றர் புகை. சூப்பர்சார்ஜர் இல்லாதபோது இதே எஞ்சின் விட்டது 0.255.

வேறு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதே கணக்கைச் சுருக்கமாகப் போடலாம். லீற்றரைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 53,000ஆல் வகுத்தால் ஊதி இல்லாத நாலு ஸ்ட்ரோக் டீசலின் புகை, செக்கனுக்குக் கன மீற்றரில் வரும். பிறகு காற்று நிறை கூடிய மடங்கால் பெருக்க வேண்டும்: 0.5 பாருக்கு, இன்டர்கூலர் இருந்தால் 1.4, இல்லாவிட்டால் 1.25.

0.36 கன மீற்றரை ஒவ்வொரு பைப்பிலும் ஓடவிட்டுப் பார்த்தால் 2½ அங்குலத்தில் வேகம் செக்கனுக்கு 125 மீற்றர், 3 அங்குலத்தில் 85, 3½இல் 62, 4இல் 47. வேகத்தைவிட அழுத்த இழப்புத்தான் முக்கியம். 4 மீற்றர் நீளம், நாலு நல்ல வளைவு, புகையைத் தகடுகளில் திருப்பித் திருப்பி விடும் பழைய பாணிச் சைலன்சர் ஒன்று என்று எடுத்தால், 2½ அங்குலம் ஏறக்குறைய 27 கிலோபஸ்கால் பின்னழுத்தம் தரும்; 3 அங்குலம் 12, 3½ அங்குலம் 6, 4 அங்குலம் 3½. அதே பைப்பில் நேர்த்துளைச் சைலன்சரைப் போட்டால் 3 அங்குலம் 7க்கும் 3½ அங்குலம் 4க்கும் கீழே இறங்கிவிடும். டீசல் எஞ்சின் செய்கிறவர்கள் பொதுவாக அனுமதிக்கும் எல்லை 7 முதல் 10 கிலோபஸ்கால். 27க்கும் 12க்கும் இடையில் எஞ்சின் நிச்சயமாக வித்தியாசத்தை உணரும். 6க்கும் 3½க்கும் இடையில் ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. நாலு அங்குலம் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பாரமும் கூடும், ஸ்பிரிங் பக்கமும் புரொப்பலர் சாஃப்ட் பக்கமும் இடம் நெருக்கும், துருப்பிடிக்கப் பரப்பும் கூடும். இன்டர்கூலர் இல்லாமல் ஓடுகிறவர்களுக்கு இந்தப் பின்னழுத்த எண்கள் எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அவர்களுக்கு 3 அங்குலமே தாராளம்.

இதில் எது உறுதி, எது மதிப்பீடு என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரே ஓட்டத்துக்குக் குழாய் உராய்வு உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும் என்பது உறுதி. 2½இலிருந்து 3 அங்குலத்துக்குப் போனால் உராய்வு இழப்பு பத்தில் நாலு பங்காகிவிடுவது அதனால்தான். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நாலு மடங்கு என்பதும் உறுதி. ஆனால் சைலன்சருக்கும் வளைவுகளுக்கும் நான் எடுத்த தடை எண்கள் மதிப்பீடு. பெயர் தெரியாத ஒரு சைலன்சரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேலே சொன்ன கிலோபஸ்கால் எண்கள் மூன்றில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்க இடமுண்டு. ஆனால் பைப்புகளின் வரிசை மாறாது. எனவே அளவைத் தெரிவுசெய்யக் கணக்குப் போதும், வேலை முடிந்ததும் அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

வளைவு விஷயத்தில் ஊரில் அதிகம் ஏமாறுகிறார்கள். பிரஸ்ஸில் அமுக்கி வளைத்த பைப், வளைவின் உட்பக்கம் சப்பி நிற்கும். பரப்பில் கால்வாசி போய்விட்டால் 3 அங்குலப் பைப்பின் அந்த இடம் வெறும் 2½ அங்குல அளவுதான். பிறகு மிச்ச மூன்றரை மீற்றர் எத்தனை அங்குலமாக இருந்து என்ன? இதற்குச் சுலபமான வழி, வெல்டிங்குக்கென்று செய்து வரும் நீள்வளைவு எல்போவை வாங்கி நேர்ப்பைப்புக்கு இடையில் ஒட்டுவது. தண்ணீர்க் குழாய் அளவில் 3 அங்குல எல்போவின் வெளிவிட்டமும் 88.9 மில்லிமீற்றர்தான், 3½ அங்குலப் பைப்போடு விளிம்பு விளிம்பாகப் பொருந்தும். எல்போத் தகடு தடிப்பானது என்பதால் அதன் உள்விளிம்பைக் கிரைண்டரால் சரித்துவிட வேண்டும். கல்வனைஸ் பூசியதை வாங்காதீர்கள், கறுப்பு இரும்பையே கேளுங்கள். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கத் தெரிந்த பாஸ் கிடைத்தால் அதுவும் நல்ல வளைவுதான். ஆனால் மணல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலை இரு பக்கமும் அடைத்துச் சூடாக்கினால் நீராவி அடைப்பைக் குண்டு போல வீசிவிடும்.

மெனிபோல்ட் வாய் சிறியது, பைப் பெரியது என்பதால் இரண்டுக்கும் இடையில் ஒரு கூம்பு வேண்டும். 60 மில்லிமீற்றர் வாயிலிருந்து 86க்கு விரிக்கும் கூம்பு 10 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. சட்டென்று விரித்தால் புகை சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், பெரிய பைப் போட்ட பலனில் பாதி அங்கேயே போய்விடும். கன்டரில் முன் பைப்பில் எக்சோஸ்ட் பிரேக்கின் (புகை வழியை மூடி லொறியின் வேகத்தைக் குறைக்கும் பிரேக்) பட்டாம்பூச்சி வால்வ் இருக்கிறது என்றால் அதன் துளையையும் அளந்துகொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு பெருப்பித்தாலும் அந்த வாயிலின் தடை அப்படியே இருக்கும்.

பைப் மாற்றிய பிறகு பூஸ்ட் மீற்றர் 0.5க்குக் கொஞ்சம் கீழே விழுந்தால் பயப்படாதீர்கள். எஸ்சி14 ஒரு சுற்றுக்கு 1.42 லீற்றர் என்று ஒரே அளவான காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் அதில் எடுத்துக்கொள்ளாதது குழாயில் நெருங்கி நிற்பதைத்தான் மீற்றர் பூஸ்ட் என்று காட்டுகிறது. புகை சுலபமாக வெளியேறினால் சிலிண்டருக்குள் புதிய காற்றுக்கு இடம் கூடும், நெருக்கம் குறையும், முள் இறங்கும். காற்று குறையவில்லை, எஞ்சினுக்குள் போயிருக்கிறது. இதைத் தெரியாமல் புல்லியை மாற்றிப் பூஸ்டை மறுபடி ஏற்றினால் ஊதியின் வேகமும் சூடும் வீணாகக் கூடும். பெல்ட் வழுக்கினாலும் பூஸ்ட் விழும் என்பதால் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னழுத்தத்தை அளக்க விலையான மீற்றர் தேவையில்லை. மெனிபோல்ட் வாயைத் தாண்டி, வளைவிலிருந்து குறைந்தது மூன்று விட்டம் தள்ளிய நேர்ப்பகுதியில் ஒரு சிறு துளை போட்டு, அதன் மேல் ஒரு நட்டை ஒட்டுங்கள். உட்பக்கம் துளையின் விளிம்பில் பிசிறு நிற்கக் கூடாது. அதிலிருந்து ஒரு மீற்றர் இரும்பு பிரேக் பைப்பைச் சுருளாக வெளியே எடுங்கள், புகையின் சூடு அதில் ஆறிவிடும். அதன் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ். ஹோஸை ஒரு பலகையில் ஆங்கில ‘யூ’ வடிவில், ஒவ்வொரு காலும் ஒன்றேகால் மீற்றர் உயரமாகக் கட்டி, பாதி உயரத்துக்குச் சாயத் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு காலிலும் உள்ள தண்ணீர் மட்டங்களின் வித்தியாசம் 10.2 சென்ரிமீற்றர் என்றால் ஒரு கிலோபஸ்கால். 71 சென்ரிமீற்றர் என்றால் 7. ஒரு மீற்றரைத் தாண்டினால் பைப்பில் எங்கோ நெருக்கம் இருக்கிறது.

டர்போ லொறியில் நிறுத்திவைத்து றேஸ் பண்ணி அளப்பது பொய் சொல்லும், சுமை இல்லாமல் டர்போ பூஸ்ட் கட்டாது. உங்களுடையது பெல்ட்டில் ஓடுவதால் கியர் போடாமலே கிட்டத்தட்ட அதே நிறைக் காற்று ஓடும். குறைவது சூடு மட்டும். சூப்பர்சார்ஜரின் மின்காந்தக் கிளச் பூட்டிய நிலையில், 3200 சுற்றில் பிடித்து அளந்து, வந்த எண்ணை 1.6 முதல் 1.8 வரை பெருக்கினால் முழுச் சுமையின் பின்னழுத்தத்துக்கு நெருக்கமாக வரும். நிறுத்திவைத்து 40 சென்ரிமீற்றர் என்றால் முழு லோட்டில் 64 முதல் 72. அது நல்ல எண். இதை மதிப்பீடாகவே வைத்துக்கொண்டு, பிறகு ஒருமுறை முழு லோட்டோடு கந்தளாய் வீதியில் மிதியை அமுக்கிப் பிடித்துப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் பலகையைப் பார்க்கக் கூடாது.

ஹெடர் விஷயத்துக்கு வருகிறேன். கார் ஓட்டப் பந்தயத்தில் ஹெடர் ஏன் வேலை செய்கிறது? வால்வ் திறந்ததும் ஓடும் அழுத்த அலை, குழாய் முனையில் பட்டு உறிஞ்சலாகத் திரும்பி, வால்வ் மூடுவதற்குள் வந்து சேர வேண்டும். புகையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 570 மீற்றர். 7000 சுற்று ஓடும் எஞ்சினுக்கு அரை, முக்கால் மீற்றர்க் குழாய் போதும். 3200 சுற்றிலேயே நிற்கும் டீசலுக்கு நேரம் தாராளம் என்பதால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றரை மீற்றருக்குக் குறையாத தனிக்குழாய் வேண்டிவரும். கன்டரின் கபினுக்குக் கீழே நாலு குழாய்க்கு அந்த இடம் இல்லை. இடம் இருந்தாலும், ஊதி தள்ளும் வேலையை அலை மறுபடி செய்வதில் மிச்சம் சொற்பம். ஆகவே உங்கள் எஞ்சினில் ஹெடர் தரக்கூடியது கொஞ்சம் வழுவழுப்பான பாதை மட்டும். அதற்காக வெடிப்பு விடக்கூடிய மெல்லிய குழாயை ஏற்றுக்கொள்வது நல்ல வியாபாரம் என்று நான் நினைக்கவில்லை. வார்ப்பிரும்பு தடிப்பானது, சூட்டைப் பொறுக்கும், உப்புக்காற்றிலும் வருடக்கணக்கில் நிற்கும்.

மெனிபோல்ட் வெடித்துப் போய், மாற்று கிடைக்காமல், செய்துதான் ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஹெட்டில் உள்ள எக்சோஸ்ட் துளையை அளந்து, குழாயின் உள்விட்டம் அதைவிட 1 முதல் 2 மில்லிமீற்றர் பெரிதாக வரும்படி எடுங்கள். சிறிதாக ஒருபோதும் வேண்டாம். ஒரு சிலிண்டர் புகை விடும் அந்தச் சிறு நேரத்துக்குள் சராசரி வேகம் என்ன என்று பார்த்தால், 1½ அங்குலத் தண்ணீர்க் குழாய் எல்போவில், அதாவது 41 மில்லிமீற்றர் உள்விட்டத்தில், செக்கனுக்கு 245 மீற்றர் அளவு. 2 அங்குல எல்போவில், 52 மில்லிமீற்றரில், 150. உச்சக்கட்டம் சராசரியின் இரு மடங்கைத் தொடும் என்பதால் 41இல் புகை ஒலியின் வேகத்தை நெருங்கத் தொடங்கும். 44 முதல் 50 வரையான உள்விட்டம் இந்த எஞ்சினுக்கு ஏற்றது. தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். வெடிப்பு ஒழுங்கு 1-3-4-2 என்பதால் 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் சோடி சேர்த்துப் பிறகு ஒன்றாக்கினால் ஒரு சிலிண்டரின் புகை பக்கத்துச் சிலிண்டரில் முட்டாது.

குழாய்களை ஹெட்டில் பூட்டும் பிளேன்ஜ் 10 முதல் 12 மில்லிமீற்றர்த் தகடு. மெல்லியதாக வெட்டினால் வெல்டிங் சூட்டில் வாழைப்பழம் போல வளைந்து கெஸ்கட் ஊதும். ஒட்டும்போது அதைப் பழைய ஹெட் ஒன்றிலோ தடித்த இரும்புப் பலகையிலோ போல்ட் போட்டு இறுக்கி, எல்லாக் குழாயையும் முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் துளைகளுக்கு இடையில் பிளேன்ஜை வெட்டிவிட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக விரியும், ஹெட்டில் நிற்கும் ஸ்ரட் போல்ட் ஒடியாது. பிறகு கடைச்சல் பட்டறையில் முகத்தைச் சீவி எடுங்கள். பூட்டி, சூடாகி, ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், மூன்று முறையாவது.

விரிவைப் பற்றி இங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாலு மீற்றர் சாதாரண இரும்புப் பைப் 400 பாகை சூடேறினால் 19 மில்லிமீற்றர் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 28. அந்த நீட்சி போக இடமில்லாவிட்டால் மெனிபோல்ட் ஸ்ரட்டைத்தான் தள்ளும். மெனிபோல்டுக்குப் பின்னால் ஒரு பின்னல் போட்ட பிளெக்ஸ் துண்டு கட்டாயம். எஞ்சின் றப்பரில் ஆடுகிறது, சேசிஸ் ஆடுவதில்லை என்பதற்கும் அதுதான் மருந்து. அதற்குப் பின்னுள்ள பைப்பை றப்பர்க் காதுகளில் தொங்கவிடுங்கள். சேசிஸில் நேரே ஒட்டாதீர்கள். பிரேக் ஹோஸ், வயர், டீசல் லைன் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி, நெருங்கும் இடத்தில் தகட்டு மறைப்பு.

மீன் லொறிக்கு உலோகத் தெரிவு தனிக்கதை. கடற்காற்று ஒரு பக்கம், பெட்டியிலிருந்து வடியும் உப்பேறிய ஐஸ் தண்ணீர் மறுபக்கம். அந்தத் தண்ணீர் சூடான பைப்பில் விழுந்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஈரத்தில் அந்த இடம் அரிக்கும். சாதாரண 1.5 மில்லிமீற்றர் இரும்பு இங்கே சீக்கிரம் சல்லடையாகும். 2 மில்லிமீற்றர் எடுங்கள், அல்லது அலுமினியம் பூசிய பைப். வசதி இருந்தால் 304 ஸ்டெயின்லெஸ். ஆனால் மேலே சொன்ன விரிவை மனதில் வையுங்கள். எதைப் போட்டாலும் பெட்டியின் வடிகாலை ஒரு ஹோஸில் பைப்புக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள். அந்த ஹோஸ் செய்யும் நன்மை உலோகத்தை மாற்றுவதைவிடக் கூட. சூடு அடக்கப் பைப்பில் நாடா சுற்றுவது இந்த ஊருக்குச் சரிவராது. நாடா உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளே தெரியாமல் தின்றுவிடும்.

கல்வனைஸ் பைப் மலிவு என்று ஒட்டுகிறவர்கள் உண்டு. துத்தநாகம் 420 பாகையில் உருகும், மெனிபோல்ட் பக்கம் அதைவிடச் சூடு. பூச்சு உருகிப் போனபின் மிஞ்சுவது வெறும் இரும்புதான். வெல்டிங் பண்ணும்போது எழும் வெள்ளைப் புகை பாஸுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும். மூடிய கொட்டிலுக்குள் அந்த வேலையை அவரிடம் கேட்பதே பிழை.

எக்சோஸ்ட் பிரேக்கை மறக்காதீர்கள். அது மூடும்போது மெனிபோல்டில் அழுத்தம் வேண்டுமென்றே ஏற்றப்படுகிறது. சாதாரண எஞ்சினில் அதற்கு ஓர் இயல்பான எல்லை உண்டு. உங்களுடையதில் ஊதி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் அதற்கு மேல் போகும். எக்சோஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கை வென்று வால்வைத் திறந்துவிட்டால், அது இருக்கையில் அடித்து உடையவும் பிஸ்டனில் முட்டவும் கூடும். எவ்வளவு அழுத்தத்தில் அது நடக்கும் என்பது ஸ்பிரிங்கின் வயதைப் பொறுத்தது, பொது எண் சொல்ல மாட்டேன். பிரேக்கைக் கழற்றிவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், லோட்டோடு இறங்குகிறவருக்கு அது உயிர். பிரேக் சுவிட்ச் போட்டதும் சூப்பர்சார்ஜரின் கிளச் விடுபட்டு, ஊதியைச் சுற்றிக் காற்றை விடும் பைபாஸ் வால்வ் திறக்கும்படி மின் இணைப்பைச் செய்த பிறகே எக்சோஸ்ட் பிரேக்கைப் பாவியுங்கள். பைபாஸ் இல்லாமல் கிளச்சை மட்டும் விட்டால் நின்றுபோன ஊதியின் ஊடாக எஞ்சின் மூச்செடுக்க முடியாமல் திணறும்.

பைப்பைப் பெருப்பித்தால் கறுப்புப் புகை போய்விடும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். பின்னழுத்தம் 27இலிருந்து 6க்கு இறங்கினால் காற்று கூடும், புகை கொஞ்சம் குறையும். பம்பில் டீசலைக் கூட்டி வைத்ததால் வரும் புகையை எந்தப் பைப்பும் மறைக்காது. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் அது அகப்படும். மெனிபோல்டில் ஒரு வெப்ப உணரியை இறக்கி, நீண்ட ஏற்றத்தில் 700 பாகையைத் தாண்டாமல் பார்த்து டீசலைத் திருகுங்கள். ஊதி இருக்கும்போது சுற்றுக் குறைந்தாலும் காற்று ஓரளவு இருக்கும், ஆனால் ஐந்தாவது கியரில் 1500 சுற்றில் மிதியை அமுக்கி இழுக்க வைத்தால்தான் சூடு கடகடவென்று ஏறும். முள்ளை அந்த நேரத்தில் பாருங்கள்.

கடைசி முனையை மீன் பெட்டியின் கதவுக்குக் கீழே விடாமல், பின் சக்கரத்துக்குப் பின்னால் வலப்பக்கம், வெளியே பார்த்துத் திருப்புங்கள். பின்னால் நின்று பெட்டி இறக்குகிறவர்கள் புகைக்குள் நிற்க வேண்டிவராது. சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர்த் துளை ஒன்று போடுங்கள். இரவுக் குளிரில் உள்ளே ஊறும் தண்ணீர் அதால் வடிந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் வீதியில் தண்ணீர் நிற்கும்போது அந்தத் துளையில் சேறு அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.